முடி கொட்டாத நாய் உண்டா? கடையிலும் கிட்டங்கியிலும் நாய் வளர்ப்போர் அறிய வேண்டியவை

ஆனி பிறந்து மேற்கு மலையில் மேகம் இறங்கிச் சாரல் விழத் தொடங்கிவிட்டால் தென்காசி, குற்றாலம், செங்கோட்டை வட்டாரத்து வணிகர்களுக்கு ஓய்வு என்பதே கிடையாது. பேரருவிக்கும் ஐந்தருவிக்கும் வரும் கூட்டத்தை நம்பி நேந்திரம் சிப்ஸ், அல்வா, பழம், மசாலாச் சாமான்கள் என்று சரக்கை நிரப்பி வைக்கிறோம். மொத்த வியாபாரிகளின் கிட்டங்கிகளில் அரிசி, பருப்பு, சீனி மூட்டைகள் கூரை வரை ஏறிவிடுகின்றன. அதே நேரத்தில் மழைத் தண்ணீர் வயல்வெளி வளைகளில் புகுந்துவிடுவதால் எலிகளும் ஊருக்குள் இடம் தேடி வருகின்றன. எலிக்கும் திருட்டுக்கும் சேர்த்து ஒரு காவல் வேண்டும் என்று நம்மில் பலர் நாய் வளர்ப்பது புதிதல்ல.

சென்ற சீசனுக்கு முன்பு நமது உறுப்பினர் ஒருவர் கடைக்கென்று ஒரு குட்டி வாங்கினார். விற்றவர், "அண்ணாச்சி, இது டெரியர் ஜாதி. எலியை விடவே விடாது. முடியும் கொட்டாது. பலசரக்குக் கடைக்கென்றே பிறந்த நாய்" என்று சொல்லிக் கொடுத்தார். நான்கு மாதம் கழிந்தது. குட்டி எலியைப் பிடித்ததோ இல்லையோ, வெள்ளை முடி மட்டும் கடை முழுவதும் பறந்தது. ரவை வாங்கிப்போன வாடிக்கையாளர் ஒருவர் பொட்டலத்தைத் திருப்பிக் கொண்டுவந்து, நாலு பேர் முன்னிலையில் மேசைமேல் கொட்டிக் காட்டினார். மறுநாள் அந்த உறுப்பினர் நம்மிடம் வந்து கேட்ட கேள்வி இதுதான்: "இதை எங்கேயாவது கொண்டுபோய் விட்டுவிடலாமா?"

வேண்டாம் என்று அவரைத் தடுத்தோம். ஆனால் இதே கேள்வியை மனதில் வைத்திருப்போர் இன்னும் பலர் இருப்பார்கள். அவர்களுக்காகவே இக்கட்டுரை. டெரியர் என்றால் என்ன, நாய்க்கு முடி ஏன் கொட்டுகிறது, இவை பற்றி நிலவும் தவறான கருத்துகள் யாவை, கடைக்காரர் என்ன ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும் என்பவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

டெரியர் என்பது ஒரு ஜாதி அல்ல

முதலில் பெயரைப் பற்றிய குழப்பம் தீர வேண்டும். டெரியர் என்பது ஒரே ஜாதி நாயின் பெயர் அல்ல. ஒரு தொழிலின் பெயர். மண்ணைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் நரி, எலி முதலியவற்றைத் துரத்தி வெளியேற்றுவதற்காக இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் வளர்க்கப்பட்ட நாய்கள் எல்லாவற்றுக்கும் அதுவே பொதுப் பெயர். 'பருப்பு' என்று சொன்னால் துவரையா, உளுந்தா, பாசியா என்று கேட்கிறோம் அல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

இந்தக் கூட்டத்தில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத தோற்றம் உடையவை உண்டு. ஏர்டேல் டெரியர் உயரமான நாய். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படையில் செய்தி கொண்டுசெல்லப் பயன்பட்டது. யார்க்ஷையர் டெரியர் மடியில் அடங்கும் சிறு நாய். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வடபகுதி நெசவாலைத் தொழிலாளர்களிடையே உருவானது. ஜாக் ரஸ்ஸல் டெரியர், ஜான் ரஸ்ஸல் (1795–1883) என்ற பாதிரியாரின் பெயரைக் கொண்டது. அவர் 1819இல் ஆக்ஸ்போர்டில் மாணவராக இருந்தபோது ஒரு பால்காரரிடம் 'டிரம்ப்' என்ற பெட்டை நாயை வாங்கினார். அந்த நாயிலிருந்தே அவருடைய வமிசம் தொடங்கியது.

பெயரில் டெரியர் என்று இருந்தும் அந்தக் கூட்டத்தைச் சேராதவையும் உண்டு. திபெத்தியன் டெரியர் ஒருநாளும் வளைக்குள் புகுந்து வேலை செய்த நாய் அல்ல. திபெத்தில் கண்ட ஐரோப்பியர் வைத்த பெயர் அது. நமது தேனி மாவட்டத்துக் கோம்பை நாயைக்கூடச் சிலர் 'கோம்பை டெரியர்' என்று எழுதுகிறார்கள். கோம்பை காவலுக்கும் வேட்டைக்கும் வளர்க்கப்பட்ட நாட்டு நாய். அதற்கும் இங்கிலாந்து டெரியருக்கும் வமிசத் தொடர்பு கிடையாது.

ஆகவே ஒருவர் வெறுமனே 'டெரியர்' என்று சொல்லி ஒரு குட்டியை விற்றால், அதன் உயரமோ, குணமோ, முடி கொட்டுமா என்பதோ அந்தச் சொல்லிலிருந்து தெரியாது.

முடி ஏன் கொட்டுகிறது?

நாயின் ஒவ்வொரு ரோமத்துக்கும் ஓர் ஆயுள் உண்டு. சில காலம் வளரும். பிறகு வளர்ச்சி நின்று வேரிலேயே ஓய்வாக இருக்கும். கடைசியில் கீழிருந்து புது ரோமம் முளைக்க, பழையது உதிரும். எல்லா நாய்க்கும் இது பொது. ரோமம் வளரும் காலம் எவ்வளவு, ஓய்வுக் காலம் எவ்வளவு என்பதில்தான் ஜாதிக்கு ஜாதி வேறுபாடு.

யார்க்ஷையர் டெரியர், பூடில் போன்றவற்றின் ரோமம் நம் தலைமுடியைப் போல நெடுநாள் வளர்ந்துகொண்டே இருக்கும். ஒரு நாளில் உதிர்வது குறைவு. ஆனால் அதற்கு வேறு விலை உண்டு. தினமும் சீவாவிட்டால் சிக்குப் பிடித்துத் திரி திரியாகிவிடும். அடிக்கடி வெட்டிவிடவும் வேண்டும். மழைக்காலத்தில் அந்தச் சிக்குக்குள் ஈரம் தங்கினால் தோல் வெந்து புண்ணாகும்.

கம்பி போன்ற சொரசொரப்பான ரோமம் உள்ள டெரியர்களின் கதை வேறு. அவற்றின் செத்த ரோமம் உதிராமல் உடம்பிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் கையால் பிடுங்கி எடுப்பது அந்நாட்டு வழக்கம். கத்தரியால் வெட்டினால் நாளடைவில் ரோமம் மிருதுவாகி நிறமும் மங்கிவிடும். இந்த நாய் வீட்டுக்குள் அதிகம் உதிர்ப்பதில்லை என்பது மெய்தான். அப்படிப் பிடுங்கிவிடுவதற்கு ஆள் வேண்டுமே!

மூன்றாவது வகை, வழுவழுப்பான குட்டை ரோமம் உள்ளவை. ஜாக் ரஸ்ஸலிலேயே வழுவழுப்பு, சொரசொரப்பு, இரண்டுங்கலந்தது என மூன்று உண்டு. இவற்றுள் வழுவழுப்பான வகையே கண்ணுக்குத் தெரியும்படி அதிகம் உதிர்க்கும். இதன் ரோமத்தின் ஆயுள் குறுகியது. சீக்கிரம் வளர்ந்து சீக்கிரம் விழும்.

இதில் நம் ஊருக்கென்று ஒரு விசேஷமும் உண்டு. ரோமம் உதிர்வதைத் தூண்டுவதில் பகல் வெளிச்சத்தின் நீளத்துக்கும் வெப்பத்துக்கும் பங்கு அதிகம். லண்டனில் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் எட்டு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். அங்கே நாய்கள் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் மொத்தமாக உதிர்க்கும். தென்காசியோ பூமத்திய ரேகைக்கு 9 டிகிரி வடக்கே இருக்கிறது. நம்முடைய நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் சுமார் ஒரு மணி நேரம்தான். ஆகவே இங்கே பல நாய்கள் ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாக உதிர்த்துக்கொண்டே இருக்கின்றன. 'சீசன் முடிந்தால் நின்றுவிடும்' என்று காத்திருப்பவர் ஏமாந்து போவார்.

மக்களிடையே உள்ள தவறான கருத்துகள்

1. 'குட்டை முடி நாய்க்கு முடி கொட்டாது.' இது நம் பகுதியில் மிகப் பரவலான எண்ணம். தென்காசியிலிருந்து கடையநல்லூர், புளியங்குடி, சிவகிரி வழியாக வடக்கே போனால் ராஜபாளையம். அவ்வூரின் பெயரைத் தாங்கிய வெள்ளை நாயை அறியாதவர் இல்லை. 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாய்த் தபால்தலைகளில் ராஜபாளையமும் ஒன்று. அதற்கும், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகியவற்றுக்கும் குட்டை ரோமம்தான். இவை அனைத்தும் முடி உதிர்ப்பவையே. நீண்ட முடி சுருண்டு பந்தாகத் தரையில் கிடக்கும்; துடைப்பத்தால் பெருக்கி எடுத்துவிடலாம். குட்டை முடியோ ஊசி போலச் சாக்கிலும் துணியிலும் குத்திக்கொண்டு நிற்கும். உதறினாலும் போகாது. பலசரக்குக் கடைக்காரருக்கு இரண்டில் எது அதிகத் தொல்லை என்று சொல்ல வேண்டியதில்லை. அதிலும் ராஜபாளையத்தின் வெள்ளை முடி கருப்பட்டியின் மேலும் புளியின் மேலும் பளிச்சென்று தெரியும்.

2. 'முடி கொட்டாத ஜாதியால் ஆஸ்துமா, தும்மல் வராது.' தும்மலுக்குக் காரணம் முடி அல்ல. நாயின் உமிழ்நீரிலும் தோல் செதிலிலும் உள்ள சில புரதங்களே காரணம். அவை எல்லா நாய்க்கும் உண்டு. 2011இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், 'ஒவ்வாமை தராதவை' என்று விற்கப்படும் ஜாதிகள் உள்ள வீடுகளையும் மற்ற நாய்கள் உள்ள வீடுகளையும் ஒப்பிட்டார்கள். தூசியில் இருந்த அந்தப் புரதத்தின் அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. குழந்தைக்கு இழுப்பு இருக்கிறது என்பதற்காக விலை கூடுதல் கொடுத்து ஒரு ஜாதியை வாங்குவோர் இதை நினைவில் வைக்க வேண்டும்.

3. 'சோற்றில் உப்புப் போட்டால் முடி கொட்டும்.' நம் பாட்டிமார் காலத்துப் பேச்சு இது. நாயின் உடம்புக்கும் அளவான உப்பு தேவை. கருவாடு, ஊறுகாய், அப்பளம் என்று அளவு மீறினால் கெடுதல்தான். ஆனால் சாதாரணச் சோற்றில் உள்ள உப்பால் முடி உதிர்வதில்லை. உண்மையில் உதிர்வை அதிகமாக்குவது வெறும் சோறும் மோரும் மட்டும் போட்டு வளர்ப்பதுதான். ரோமம் என்பது பெரும்பகுதி புரதம். உண்ணும் புரதத்தில் கணிசமான பங்கு தோலுக்கும் ரோமத்துக்குமே போகிறது. முட்டை, மீன், இறைச்சிக் கழிவு என்று ஏதேனும் தினமும் சேர வேண்டும்.

4. 'பச்சை முட்டை கொடுத்தால் முடி மினுங்கும்.' பச்சை முட்டையின் வெள்ளைக்கருவில் உள்ள ஒரு பொருள், தோலுக்கும் ரோமத்துக்கும் வேண்டிய பயோட்டின் என்ற சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். வேகவைத்துக் கொடுத்தால் இந்தக் குறை இல்லை.

5. 'மொட்டை அடித்துவிட்டால் தொல்லை விட்டது.' அடியில் பஞ்சு போன்ற ரோமமும் மேலே நீண்ட ரோமமுமாக இரட்டை ரோமம் உள்ள நாய்களுக்கு அது வெயிலுக்கும் குளிருக்கும் நடுவே ஒரு போர்வை. நம் ஊரில் பொமரேனியன் என்ற பெயரில் வளர்க்கப்படும் ஸ்பிட்ஸ் இவ்வகை. மழித்துவிட்டால் தோல் வெயிலில் கருகும். சிலவற்றுக்கு ரோமம் மறுபடி ஒழுங்காக முளைப்பதும் இல்லை. உதிர்வதும் நிற்காது, நீளமாக விழுந்தது துண்டு துண்டாக விழும், அவ்வளவுதான்.

6. 'தினமும் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினால் முடி கொட்டாது.' துணி சோப்பும் நாம் குளிக்கும் சோப்பும் நாயின் தோலுக்கு ஏற்றவை அல்ல. தோல் வறண்டு, செதில் உதிர்ந்து, முடியும் கூடுதலாகக் கொட்டும். நாய்க்கென்று விற்கும் ஷாம்பூ போட்டு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை குளிப்பாட்டினால் போதும். குளிப்பாட்டியபின் நன்றாகத் துவட்டுவது முக்கியம். சாரல் காலத்தில் அரைகுறை ஈரத்தோடு விட்டால் பூஞ்சைக் காளானை நாமே அழைத்தது போலாகும்.

7. 'டெரியர் ஒன்று இருந்தால் எலி ஒழிந்துவிடும்.' திறந்த இடத்தில் ஓடும் எலியைப் பிடிப்பதில் டெரியர்கள் கெட்டிக்காரர்கள் என்பதை மறுக்க முடியாது. ஆனால் சுவரோடு ஒட்டி அடுக்கிய ஐம்பது மூட்டைக்குப் பின்னால் குடும்பம் நடத்தும் எலியை எந்த நாயும் பிடிக்க முடியாது. எலி ஒழிப்பு நம் அடுக்கும் முறையில்தான் தொடங்க வேண்டும். மூட்டைகளை மரப்பலகை மேல் அடுக்குவது, சுவருக்கும் அடுக்குக்கும் நடுவே ஆள் போய்வர இடம் விடுவது, கதவின் அடிச் சந்தையும் சுவர் ஓட்டைகளையும் அடைப்பது, சிந்திய தானியத்தை அன்றன்றே கூட்டுவது ஆகியவை செய்தபின் மிச்சமுள்ள எலிக்கே நாயும் பூனையும் பொறியும். இன்னொன்று: வாலாட்டும் நாய்களில் பல, எலியைக் கண்டால் வேடிக்கை பார்ப்பதோடு சரி!

உதிர்வது இயல்பா, நோயா?

உடம்பு முழுவதும் ஒரே சீராக உதிர்ந்து, தோல் சுத்தமாக, அரிப்பு இல்லாமல் இருந்தால் அது இயல்பு. குட்டி போட்ட நாய் இரண்டு மூன்று மாதத்தில் கொத்துக் கொத்தாக உதிர்ப்பதும் உண்டு, தானே சரியாகும்.

வட்ட வட்டமாகச் சொட்டை விழுவது, தோல் சிவந்து தடித்துப்போவது, ஓயாமல் சொறிவது, துர்நாற்றம் வீசுவது, காது ஓரத்திலும் முழங்கையிலும் முடி போய்ப் பொருக்குத் தட்டுவது ஆகியவை நோயின் அடையாளங்கள். சொறி உண்ணி, படர்தாமரை எனப்படும் பூஞ்சை, உண்ணிக் காய்ச்சல், தைராய்டு குறைவு என்று காரணங்கள் பல. இவற்றுள் சொறியும் படர்தாமரையும் நாயைத் தொடும் மனிதருக்கும் ஒட்டும். கடைப் பையன் கையில் அரிப்போடு ரவை நிறுத்துக் கொடுக்கும் நிலை வரலாகாது.

இதற்கு நாட்டு வைத்தியம் என்று சிலர் பழைய என்ஜின் ஆயிலையும் மண்ணெண்ணெயையும் தடவுகிறார்கள். நாய் தன் உடம்பை நக்கும் பிராணி. தடவியது வயிற்றுக்குள் போய் ஈரலையும் நுரையீரலையும் கெடுக்கும், தோலும் வெந்துபோகும். அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுசெல்வதே சரி. பெரிய சிகிச்சை வேண்டுமானால் திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

நம் கடைச் சரக்கிலேயே நாய்க்கு ஆகாதவை சில உண்டு. வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். உலர்ந்த திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட்டும் நஞ்சு. எலிக்கு வைக்கும் கறுப்புப் பொடியான ஜிங்க் பாஸ்பைடைத் தின்றால் நாயும் பிழைக்காது. விஷம் தின்ற எலியைக் கவ்வுவதிலும் ஆபத்து உண்டு. நாய் நடமாடும் கிட்டங்கியில் எலி விஷம் வைப்பதும், எலியைப் பிடிக்க நாய் வளர்ப்பதும் ஒன்றுக்கொன்று ஒத்துவராத இரண்டு காரியங்கள். ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1954ஆம் ஆண்டு உணவுக் கலப்படத் தடைச் சட்டத்துக்குப் பதிலாக 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம் இயற்றப்பட்டு 2011 முதல் நடைமுறையில் உள்ளது. உணவில் அந்நியப் பொருள் கலந்திருந்தால் 54ஆம் பிரிவின்படியும், சுகாதாரமற்ற சூழலில் உணவைக் கையாண்டால் 56ஆம் பிரிவின்படியும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமுண்டு. உணவுப் பொருள் வைக்கும், கையாளும் இடத்துக்குள் விலங்குகள் வராமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு. 'என் நாய் முடி கொட்டாத ஜாதி, ஐயா' என்ற விளக்கத்தை எந்த அதிகாரியும் ஏற்கப்போவதில்லை. அபராதத்தைவிடப் பெரிய நஷ்டம், அன்று ரவையைத் திருப்பிக் கொண்டுவந்த வாடிக்கையாளர் மறுபடி கடைப் படி ஏறாமல் போவதுதான்.

இன்னொரு சட்டமும் இருக்கிறது. 1960ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி, பசி தாகத்தால் வாடும் நிலையில் ஒரு பிராணியைக் கைவிட்டுவிடுவது குற்றம். சட்டம் இருக்கட்டும். வீட்டுச் சோறு தின்று வளர்ந்த நாய் குற்றாலத்துச் சாலை ஓரத்தில் என்ன செய்யும்? சில நாளில் சொறி பிடிக்கும். தெரு நாய்களிடம் கடிபடும். தடுப்பூசி தவறிப்போய் வெறிநோய்க்கும் ஆளாகலாம். கடைசியில் அது கடிக்கப்போவது நம் ஊர்ப் பிள்ளைகளையோ நம் கடைக்கு வரும் யாத்திரீகரையோதான்.

கடைக்காரர் செய்ய வேண்டியது

வாங்குவதற்கு முன்: நாம் சாம்பிள் பார்க்காமல் சரக்கு எடுப்பதில்லை. ஆனால் 45 நாள் குட்டியை வைத்துக்கொண்டு முடி கொட்டுமா என்று யாராலும் சொல்ல முடியாது. குட்டி ரோமம் போய்ப் பெரிய ரோமம் வருவதற்குச் சில மாதங்கள் ஆகும். குட்டியின் தாயைக் காட்டச் சொல்லுங்கள். அதன் முதுகில் உள்ளங்கையால் எதிர்வாட்டமாக நாலு தடவை தேய்த்துப் பாருங்கள். கையில் வருவதுதான் நாளை உங்கள் கடையில் விழப்போவது. தாயைக் காட்ட மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

பெயரைப் பார்த்து வாங்குவதில் வேறொரு சிக்கலும் உண்டு. பிட்புல் டெரியர், அமெரிக்கன் ஸ்டாஃபோர்ட்ஷையர் டெரியர் முதலிய 23 வகை நாய்களுக்குத் தடை கோரி 2024 மார்ச்சில் மத்திய அரசு மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. உள்ளாட்சி அமைப்புகளின் விதிகள் ஊருக்கு ஊர் வேறுபடும். எந்த நாயானாலும் உரிமம் பற்றி நகராட்சியிலோ பேரூராட்சியிலோ கேட்டுக்கொண்டு வாங்குவது நல்லது. எல்லா டெரியரும் பிட்புல் போன்றது என்று அஞ்சுவதும் தவறு. சிறியது என்பதற்காக எல்லாம் சாது என்று நம்புவதும் தவறு.

இடம்: நாயின் இடம் கடைக்குள் அல்ல. வெளித் திண்ணை, பின்கட்டு, கிட்டங்கியின் வெளிவாசல் ஆகியவையே அதன் இடம். திருடன் வருவதும் வெளியிலிருந்துதானே! மழை படாத கூரையும், தரையிலிருந்து உயர்த்திய பலகையும் போட்டுக் கொடுங்கள். காலிச் சாக்கை அதற்குப் படுக்கையாகப் போட்டால், அந்தச் சாக்கு மறுபடி சரக்குக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நாம் கண்ட பல கடைகளில் முடி சரக்கில் சேரும் வழி இதுதான்.

சீவுதல்: ஒரு ரப்பர் பிரஷ் வாங்கி, தினமும் ஐந்து நிமிடம், காற்று கடையை நோக்கி வீசாத பக்கத்தில் நின்று சீவிவிடுங்கள். தரையில் விழவேண்டிய முடியெல்லாம் பிரஷில் வந்துவிடும். உண்ணி, புண் முதலியவையும் அப்போதே கண்ணில் படும். சீவியவர் கை கழுவி, சட்டையை உதறிவிட்டே கல்லாவுக்கு வரவேண்டும்.

சரக்கு: ரவை, மைதா, வெல்லம், கருப்பட்டி, சிப்ஸ் போன்ற சில்லறைச் சரக்குகளை மூடியுள்ள டின்னிலோ டப்பாவிலோ வையுங்கள். பிரித்த மூட்டையின் வாயைச் சுருட்டிக் கட்டுங்கள். காய்ந்த துடைப்பத்தால் பெருக்கினால் முடி பறந்து வேறிடத்தில் உட்காரும்; முதலில் ஈரத் துணியால் துடைத்துவிட்டுப் பிறகு பெருக்குங்கள். பெருக்கும்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

தடுப்பூசி: வெறிநோய்த் தடுப்பூசியை மூன்றாம் மாதத்தில் தொடங்கி, மருத்துவர் சொல்லும்படி ஆண்டுதோறும் போடவேண்டும். எலியின் சிறுநீர் வழியாகப் பரவும் எலிக்காய்ச்சலுக்கும் நாய்க்குத் தடுப்பூசி உண்டு. எலி பிடிக்கும் நாய்க்கு அது மிகவும் அவசியம். யாரையாவது நாய் கடித்துவிட்டால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவி, தாமதியாமல் அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள். 'நம் நாய்தானே' என்று இருந்துவிடக் கூடாது.

முடிவாக

தொடக்கத்தில் சொன்ன உறுப்பினரின் நாய் இன்றும் அவரிடமே இருக்கிறது. கடைக்குள்ளிருந்து பின்கட்டுக்கு மாற்றினார். காலையில் ஷட்டர் தூக்குமுன் கடைப் பையன் அதைச் சீவிவிடுகிறான். பிரித்த மூட்டைகள் எல்லாம் மூடியுள்ள டின்னுக்குப் போய்விட்டன. கிட்டங்கியின் கதவு அடியில் தகரம் அடித்தபின் எலித் தொல்லையும் பாதியாகக் குறைந்தது என்கிறார். நாய் முன்போலவே முடி கொட்டிக்கொண்டுதான் இருக்கிறது. அது சரக்கில் விழுவதில்லை. இரவில் பின்கட்டுப் பக்கம் அயலார் யாரும் கால் வைப்பதும் இல்லை.

முடி கொட்டாத நாய் என்று ஒன்று இல்லை. குறைவாகக் கொட்டுவதற்கு அதிகப் பராமரிப்பு வேண்டும். பராமரிப்பு குறைவாக வேண்டுவது அதிகம் கொட்டும். டெரியரானாலும் ராஜபாளையமானாலும் தெருவில் கிடைத்த நாட்டு நாயானாலும் இந்தக் கணக்கு மாறாது. வரவு செலவு பார்த்துத் தொழில் செய்யும் நமக்கு இது விளங்காத கணக்கு அல்ல. ஜாதிப் பெயருக்குக் கொடுக்கும் கூடுதல் விலையை ஒரு பிரஷுக்கும் நாலு டின்னுக்கும் தடுப்பூசிக்கும் செலவிடுவோம். வாங்கிய நாயை அதன் ஆயுள் உள்ளவரை வைத்துக் காப்போம்.